அடையாறு சிறுவர்கள் வழக்கு: யாரும் கேட்காத கேள்வி

மயிலாப்பூரிலிருந்து தெற்கே போய் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் இடது பக்கம் தியாசபிகல் சொசைட்டியின் பெரிய தோட்டம் வரும். இன்றைக்கு பாலத்தின் இரண்டு பக்கமும் சென்னைதான். 1912இல் அப்படி இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் செங்கல்பட்டு ஜில்லா. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலைக்கு வரும்.

அந்தத் தோட்டத்துக்கு 1909 ஜனவரியில் நாராயணய்யா என்பவர் தன் பிள்ளைகளோடு குடிவந்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், சொசைட்டியின் பழைய உறுப்பினர். சில மாதங்களில் சொசைட்டியின் முக்கியஸ்தரான லெட்பீட்டர் கடற்கரையில் அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்தார். உலகத்துக்கு வரப்போகும் குரு இந்தப் பையன்தான் என்றார். (ஆம், பின்னாளில் ஜே. கிருஷ்ணமூர்த்தி என்று உலகம் அறிந்தவரேதான்.) 1910 மார்ச்சில் நாராயணய்யா, கிருஷ்ணாவுக்கும் தம்பி நித்யாவுக்கும் அன்னி பெசன்ட் அம்மையாரே கார்டியன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டே வருடத்தில் மனம் மாறிவிட்டது. லெட்பீட்டர் மீது ஏற்கெனவே ஒரு பழி உண்டு. சிறுவர்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்த சில விஷயங்களால் கிளம்பிய புகாரில் 1906இல் சொசைட்டியை விட்டே விலகி, பிறகு திரும்பி வந்தவர் அவர். அவர் கிருஷ்ணாவிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்பது தந்தையின் குற்றச்சாட்டு. அதற்குள் பெசன்ட் பையன்களை இங்கிலாந்துக்கு அழைத்துப் போயிருந்தார். 1912 அக்டோபரில் நாராயணய்யா செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் வழக்குப் போட்டார். வழக்கு மதராஸ் ஹைகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது.

அவருக்காக வாதாடியவர் சி.பி. ராமசாமி ஐயர். எதிர்ப்பக்கம் பெசன்ட் தானே நின்று வாதாடினார். (சில வருடங்கள் கழித்து இதே சி.பி. அதே அம்மையாரின் ஹோம்ரூல் இயக்கத்தில் முன்னணியில் நின்றார்! அந்தக் கால மதராஸ் அப்படித்தான்.)

1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் தீர்ப்புச் சொன்னார். தந்தை சொன்ன குறிப்பிட்ட சம்பவத்தை அவர் நம்பவில்லை. ஆனால் லெட்பீட்டரின் கருத்துகள் ஒழுக்கக்கேடானவை, பையன்களுக்கு ஆசிரியராக இருக்க அவர் தகுதியற்றவர் என்றார். பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்னார், வழக்குச் செலவையோ தந்தையின் தலையிலேயே கட்டினார். பெசன்ட் அப்பீல் போனார். அக்டோபரில் அதுவும் தள்ளுபடி. பையன்கள் இங்கிலாந்திலேயே இருந்தார்கள்.

இத்தனை நாளும் ஊரெல்லாம் இதே பேச்சு. அந்தரங்கமான விஷயங்கள் பையனின் பெயரோடு பத்திரிகைகளில் வந்தன. டாக்டர் டி.எம். நாயர் தன் மருத்துவ இதழில் எழுத, பெசன்ட் அவர் மீது அவதூறு வழக்குப் போட்டுத் தோற்றார். எல்லோரும் பேசினார்கள், அந்த இரண்டு பையன்களைத் தவிர.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1914 மே மாதத் தீர்ப்பு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. தந்தையே இயற்கைக் காப்பாளர், கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை அவர் திரும்பப் பெறலாம் என்பதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பையன்கள் செங்கல்பட்டு ஜில்லாவில் வசிக்கவில்லையே, அந்த கோர்ட்டுக்கு என்ன அதிகாரம்? 1890ஆம் வருட கார்டியன் சட்டப்படி மைனர் வழக்கமாக வசிக்கும் இடத்து கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதைவிட முக்கியமாக, இரண்டு பெரியவர்களுக்கு இடையிலான சொத்து வழக்கு மாதிரி நடத்தி, பையன்களின் நலனையும் விருப்பத்தையும் விசாரிக்காமலே உத்தரவு போட்டது தவறு என்றார்கள். வழக்கு தள்ளுபடி. வேண்டுமானால் தந்தை இங்கிலாந்து ஹைகோர்ட்டை அணுகலாம். மதராஸ்காரர் ஒருவருக்கு அது எந்த அளவுக்கு நடக்கக்கூடிய காரியம் என்பதைப் பற்றி அவர்கள் கவலைப்படவில்லை.

தந்தையின் கதை பரிதாபம்தான். ஆனால் பிரிவி கவுன்சில் கேட்ட கேள்வி நியாயமானது. இன்றைக்கு ஒரு குழந்தை விஷயத்தில் இப்படிப் புகார் வந்தால், குற்றம் சாட்டப்பட்டவர் கார்டியனாக இருந்தாலும் பெற்ற தகப்பனாகவே இருந்தாலும், 2012ஆம் வருட போக்சோ சட்டம் குழந்தையிடமிருந்துதான் தொடங்குகிறது. வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும். போலீஸ் சீருடையில் வரக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். புகாருக்கு ஆளானவர் அதே வீட்டில் இருந்தால், குழந்தையை அங்கிருந்து அழைத்துப் போவதா வேண்டாமா என்று அந்தக் குழு மூன்று நாளில் தீர்மானிக்க வேண்டும். அப்போது குழந்தையின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. பெயரைப் பத்திரிகையில் போடுவது குற்றம். உறவினரே செய்த குற்றமென்றால் தண்டனை அதிகம்.

இதில் ஒன்றுகூட 1912இல் கிடையாது. லெட்பீட்டர் உண்மையில் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்பதைப் பையன்களிடம் முறையாகக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கலாம். அந்த வாய்ப்பு அன்றோடு போயிற்று.

கிருஷ்ணாவும் நித்யாவும் 1921 கடைசியில்தான் இந்தியா திரும்பினார்கள். மதராஸ் வந்தபோது தந்தையைப் போய்ப் பார்த்தார்கள். நாராயணய்யா 1924இல் காலமானார்.