பீங்கான் நகரமும் கூடைப்பந்தும்: லிமோஜ் கழகத்தின் எழுச்சி

பிரான்சின் நடுப்பகுதியில், வியேன் ஆற்றங்கரையில் அமைந்த லிமோஜ், ஏறத்தாழ 1,30,000 பேர் வாழும் நகரம். அருகிலுள்ள சேன் இரியே வட்டாரத்தில் கயோலின் எனப்படும் வெண்களிமண் பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டறியப்பட்ட பின், பீங்கான் பாத்திரங்களுக்காக உலகெங்கும் பெயர் பெற்ற இந்நகரில்தான், 1895-இல் பிரான்சின் முன்னோடித் தொழிற்சங்க அமைப்பான தொழிலாளர் பொதுக் கூட்டமைப்பு பிறந்தது; 1905-இல் பீங்கான் ஆலைத் தொழிலாளர்களின் கிளர்ச்சியை ஒடுக்கப் படை வரவழைக்கப்பட்டு, துப்பாக்கிச்சூட்டில் இளம் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்ததும் இங்கேதான். செந்நகரம் என்று அழைக்கப்பட்டதும், தலைமுறை தலைமுறையாக இடதுசாரிகளை நகராட்சிக்குத் தேர்ந்தெடுத்ததுமான இத்தகைய ஊர், கத்தோலிக்கத் திருச்சபையின் நிழலில் தோன்றிய ஒரு விளையாட்டுக் கழகத்தைத் தன் பெருமையாக ஏற்றுக்கொண்டது எவ்வாறு என்பதே லிமோஜ் கூடைப்பந்து வரலாற்றின் முதன்மையான கேள்வி.

1929-இல் தொடங்கப்பட்ட அக்கழகத்தின் பெயர் செர்க்கிள் சேன் பியேர், அதாவது புனித பேதுரு மன்றம். அதன் பிரெஞ்சுப் பெயர்ச்சுருக்கமான சேஎஸ்பே என்பதே இன்றும் ஊர் மக்கள் வாயில் வழங்குகிறது. அது பத்ரொனாஜ் என்னும் அமைப்பு மரபில் வந்தது. பங்குத்தந்தையரின் மேற்பார்வையில், ஞாயிற்றுக்கிழமைகளிலும் மாலை வேளைகளிலும் தொழிலாளர் குடும்பத்துச் சிறுவர்களுக்கு உடற்பயிற்சி, இசை, நாடகம் முதலியவற்றைக் கற்பித்த இளைஞர் மன்றங்களே பத்ரொனாஜ்கள். 1905-இல் அரசும் திருச்சபையும் சட்டப்படி பிரிக்கப்பட்ட பின், இளைஞர்களைத் தன்பால் வைத்திருக்கத் திருச்சபைக்கு எஞ்சிய வழிகளுள் விளையாட்டு முக்கியமானது; சிறிய முற்றமும் இரண்டு வளையங்களும் இருந்தால் போதும் என்பதால் கூடைப்பந்து அம்மன்றங்களுக்கு இயல்பாகவே பொருந்தியது. பிற்காலத்தில் புகழ்பெற்ற பிரெஞ்சுக் கூடைப்பந்துக் கழகங்கள் பலவற்றின் வேர் இத்தகைய முற்றங்களில்தான் இருக்கிறது.

தொழில்முறை ஆட்டம் வளர்ந்தபோது, பெருநகரங்களின் பணத்தையும் பார்வையாளர்களையும் கால்பந்து ஈர்த்துக்கொண்டது. ஐந்து பேர் ஆடும் கூடைப்பந்தோ, இரண்டு நல்ல அயல்நாட்டு வீரர்களும் ஒரு மூடிய அரங்கமும் இருந்தால் ஒரு சிற்றூரும் ஐரோப்பிய அளவுக்கு உயரலாம் என்ற நிலையை உருவாக்கியது. பத்தாயிரம் பேர் அளவே வாழ்ந்த ஒர்த்தேஸ் என்னும் ஊரின் அணி, சந்தை கூடுவதற்காகக் கட்டப்பட்ட லா மூத்தேத் என்னும் மண்டபத்தில் ஆடியபடியே 1984-இல் ஓர் ஐரோப்பியக் கோப்பையை வென்றது இதற்குச் சான்று. லிமோஜில் அந்த அரங்கத்தை நகராட்சி அமைத்துத் தந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரத்தக்க போபிளான் விளையாட்டு அரண்மனை 1980களின் தொடக்கத்தில் அணியின் இல்லமாயிற்று. திருச்சபை தோற்றுவித்த கழகத்தைச் சோசலிச நகராட்சி தாங்கிப் பிடித்தது. 1956 முதல் 1990 வரை மேயராக இருந்த லூயி லோன்ஜெகு காலத்தில் நிகழ்ந்த இந்த இணைப்பைக் கொள்கைச் சமரசம் என்று கொள்வதைவிட, தேசிய வரைபடத்தில் தனக்கு இடம் தேடிக்கொண்ட ஓர் ஊரின் நடைமுறை அறிவு என்று கொள்வதே பொருந்தும்.

பலன் விரைவிலேயே கிட்டியது. சாலை விபத்தில் இறந்த யூகோஸ்லாவிய வீரர் ராதிவோய் கோராச்சின் நினைவாக நடத்தப்பட்ட, ஐரோப்பியப் போட்டிகளில் மூன்றாம் நிலையில் வைத்து எண்ணப்பட்ட கோராச் கோப்பையை, 1982-இலும் 1983-இலும், இளம் திராஜென் பெத்ரோவிச் ஆடிய ஷிபென்கா அணியை இறுதியாட்டத்தில் வீழ்த்தி லிமோஜ் வென்றது. 1983 முதல் 1985 வரை தொடர்ந்து மூன்று முறை தேசிய வாகையர் பட்டம் கிடைத்தது. 1988-இல் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பையும் சேர்ந்தது. 1990-இல் அணி முதன்மை ஐரோப்பியக் கோப்பையின் இறுதி நால்வர் கட்டத்தை, அதாவது அரையிறுதிகளும் இறுதியாட்டமும் ஒரே நகரில் அடுத்தடுத்து நடத்தப்படும் கட்டத்தை எட்டி, அங்கே பொஷிதார் மால்கோவிச் பயிற்றுவித்த ஸ்பிளிட் நகர அணியிடம் தோற்றது.

தன்னைத் தோற்கடித்த அதே மால்கோவிச்சை 1992-இல் லிமோஜ் பயிற்சியாளராக அமர்த்தியது. அவரிடம் ஒப்படைக்கப்பட்டது விண்மீன்கள் நிறைந்த அணியன்று. அமெரிக்கரான மைக்கேல் யங் புள்ளிகள் குவிக்கத் தெரிந்தவர்; ஸ்லோவேனியரான யூரி ஸ்தோவ்ச், 1991 ஐரோப்பிய வாகையர் போட்டியின் நடுவே தம் நாடு விடுதலையை அறிவித்ததால் யூகோஸ்லாவிய அணியிலிருந்து விலக நேர்ந்தவர்; இவர்களுடன் ரிஷார் தக்கூரி, ஜிம் பில்பா, ஃபிரெதெரிக் ஃபோர்த் முதலிய பிரெஞ்சு வீரர்கள் இருந்தனர். அக்கால விதிப்படி பந்தைக் கையில் பெற்ற அணி 30 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் (இவ்வரம்பு 24 வினாடியாகக் குறைக்கப்பட்டது 2000-இல்தான்). மால்கோவிச்சின் அணி அந்த 30 வினாடியையும் கடைசித் துளிவரை செலவழித்தது. பந்து கைமாறியதும் ஐவரும் தடுப்பாட்டத்துக்குத் திரும்பி, எதிரணிக்கு எளிதான எறிதல் எதுவும் வாய்க்காதபடி வழிமறித்தனர். ஓர் ஆட்டத்தில் தாக்குதல் வாய்ப்புகளின் எண்ணிக்கை குறையக் குறைய, திறன் மிகுந்த அணியின் மேன்மை வெளிப்படும் தருணங்களும் குறைகின்றன என்பதே இம்முறையின் கணக்கு.

1993 ஏப்ரலில் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகப் பகுதியில் நடந்த இறுதி நால்வர் கட்டத்தில் இக்கணக்கு பிசகவில்லை. அரையிறுதியில் உயரமும் திறமும் ஒருங்கே பெற்ற அர்விதாஸ் சபோனிஸ் ஆடிய ரியல் மாத்ரித் 62–52 என்ற அளவில் வீழ்ந்தது. ஏப்ரல் 15-ஆம் நாள் இறுதியாட்டத்தில் எதிர்நின்றது, பெனெத்தோன் ஆடை நிறுவனத்தின் பொருள்வளத்தில் வளர்ந்த இத்தாலியின் திரெவிசோ அணி. அதன் முதன்மை வீரர் தோனி குகோச், ஸ்பிளிட்டில் மால்கோவிச்சின் பயிற்சியில் வளர்ந்தவர். கடைசி வினாடிகளில், சமன் செய்யும் வாய்ப்பைத் தேடிப் பந்துடன் முன்னேறிய குகோச்சின் கையிலிருந்து, அவரைவிட மிகக் குள்ளமான ஃபோர்த் பந்தைத் தட்டிப் பறித்தார். 59–55 என முடிந்த அவ்வாட்டத்தால், முதன்மை ஐரோப்பியக் கோப்பை முதன்முறையாகப் பிரான்சுக்கு வந்தது. கால்பந்தில் மார்சேய் அதற்கு ஈடான கோப்பையை வென்றது ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பின்னரே.

வென்ற முறையை எல்லோரும் பாராட்டவில்லை. திரெவிசோவின் பயிற்சியாளர் பேதர் ஸ்கான்சி, இது கூடைப்பந்தே அல்ல என்ற பொருள்படக் கடிந்துரைத்தார். இத்தகைய ஆட்டம் பரவினால் பார்வையாளர் விலகிவிடுவர் என்று அஞ்சியவர்களும் இருந்தனர். கண்ணுக்கு அழகான ஆட்டம் அன்று என்பது உண்மையே. ஆயினும் விதிக்கு உட்பட்டு, கையிருப்புக்கு ஏற்ப வகுக்கப்பட்ட ஓர் உத்தியைச் செல்வம் மிகுந்த அணி முறியடிக்க இயலாமல் போனதற்கு அவ்வுத்தியைக் குறைகூறுவது, தோற்றவர் வாதமாகவே தோன்றுகிறது.

எழுச்சிக்குத் துணைநின்ற அமைப்பே பின்னர் சுமையாயிற்று. 1995 இறுதியில் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய போஸ்மன் தீர்ப்பு, ஒன்றியத்து வீரர்கள்மீதான அயல்நாட்டவர் வரம்பை நீக்கியதால், வீரர்களின் சம்பளம் ஏறியது; பெரும் முதலாளியும் பெரிய தொலைக்காட்சி வருவாயும் இல்லாமல், நுழைவுச்சீட்டையும் நகராட்சி மானியத்தையும் உள்ளூர் விளம்பரதாரர்களையும் நம்பிய கழகத்தால் அந்த ஏற்றத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. துஷ்கோ இவானோவிச்சின் பயிற்சியில் 2000-இல் தேசியப் பட்டம், தேசியக் கோப்பை, கோராச் கோப்பை மூன்றையும் ஒருசேர வென்ற அணி, அதே கோடையில் கணக்கு வழக்கின் காரணமாக இரண்டாம் தட்டுக்கு இறக்கப்பட்டது. ஆட்டத்தில் வென்றவர்களைக் கணக்கேடு தோற்கடித்த இந்நிகழ்வு பிரெஞ்சு விளையாட்டு வரலாற்றில் அரிது. நெருக்கடி அத்துடன் தீரவில்லை. 2004-இல் கழகம் நொடித்து, மூன்றாம் தட்டிலிருந்து மீண்டும் தொடங்க நேர்ந்தது.

அப்போது தலைவர் பொறுப்பை ஏற்றவர், குகோச்சிடமிருந்து பந்தைப் பறித்த ஃபோர்த். சிறிய ஊர்களின் அணிகளோடு மோதிய அக்காலத்திலும் போபிளான் அரங்கம் ஆதரவாளர்களை இழக்கவில்லை. படிப்படியாக ஏறி, 2010-இல் முதல் தட்டுக்குத் தகுதி பெற்று, அடுத்த ஆண்டே இறங்கி, 2012-இல் மறுபடியும் ஏறிய அணி, 2014-இலும் 2015-இலும் தேசிய வாகையர் ஆனது. ஃபோர்த் 2017-ஆம் ஆண்டின் கடைசி நாளில், 47 வயதில் காலமானார். 1993-க்குப் பின்வந்த முப்பது ஆண்டுகளில், பாரிசோ லியோனோ உட்பட வேறெந்தப் பிரெஞ்சு நகரத்தின் ஆண்கள் அணியும் முதன்மை ஐரோப்பியக் கோப்பையை வெல்லவில்லை.