ஒரு கட்டம் நகரும் சிப்பாய்: இந்தியத் தடுப்பாட்டங்களின் பிறப்பும் வளர்ச்சியும்

1855 மே மாதம் கல்கத்தாவில் ஜான் காக்ரன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞருக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடியவர் மகேஷ்சந்திர பானர்ஜி என்ற வங்காளி. வெள்ளை டி4, சி4 எனச் சிப்பாய்களை முன்னே தள்ளியது. கறுப்பு குதிரையை எஃப்6இல் வைத்து, ஜி சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி, மூன்றாம் நகர்வில் டி5 ஆடியது. ஆட்டத்தில் வென்றவர் காக்ரன்தான். ஆனால் அந்த மூன்று நகர்வுகளைத்தான் இன்றைய நூல்கள் குரூன்ஃபெல்ட் தடுப்பாட்டம் என்கின்றன. எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் அதைக் கொண்டு வியன்னாவில் அலெகைனை வென்றது 1922இல்.

இந்த 67 ஆண்டு இடைவெளியை விளக்க, மகேஷ்சந்திரர் வளர்ந்த ஆட்டமுறையிலிருந்து தொடங்க வேண்டும். அன்று இந்தியாவில் வழங்கிய விதிப்படி சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். நடுக்கட்டங்களை ஒரே தாவலில் பிடிக்க வழியில்லை. எதிரிப் படை நெருங்குவதற்குள் காய்களை நிதானமாக அணிவகுக்க நேரம் கிடைக்கும். ஜி6இல் சிப்பாய், ஜி7இல் மந்திரி என்ற அமைப்பு அந்த விதிக்கு இயல்பாகவே பொருந்தியது. ஐரோப்பிய விதிகளுக்கு மாறிய பிறகும் மகேஷ்சந்திரர் அந்தப் பழக்கத்தைக் கைவிடவில்லை. காக்ரனோ நேர்மாறான இயல்பினர். 1848இல் இதே எதிராளிக்கு எதிராக, நான்காம் நகர்விலேயே குதிரையைப் பலிகொடுத்து எஃப்7 சிப்பாயைப் பிடுங்கியவர். அந்தத் தாக்குதல் இன்றும் அவர் பெயரால் அறியப்படுகிறது. இவ்விருவரின் ஆட்டங்கள் இங்கிலாந்தின் சதுரங்க இதழ்களில் அச்சேறியிராவிட்டால் மகேஷ்சந்திரரின் பெயரே நமக்குக் கிடைத்திருக்காது.

ஐரோப்பா ஏன் காத்திருந்தது? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஆசான்களாக மதிக்கப்பட்டவர்களில் முதன்மையான டாராஷ், நடுக்கட்டங்களைச் சிப்பாய்களால் நிரப்புவதே நல்ல தொடக்கம் என்று போதித்தார். அந்த அளவுகோலில் ஜி6 வெறும் தயக்கம். முதல் உலகப் போருக்குப் பின் ரேட்டி, நிம்சோவிச், பிரேயர் ஆகியோர் கேள்வியையே மாற்றினார்கள். நடுவில் நிற்கும் சிப்பாய் பலமா, இலக்கா? எதிரி டி4, இ4 இரண்டையும் கட்டட்டும். தொலைவிலிருந்து மந்திரியும் குதிரையும் அவற்றைக் குடையட்டும். 1924இல் நியூயார்க்கில் ரேட்டி இவ்வழியில் கபபிளாங்காவைத் தோற்கடித்தபோது, எட்டு ஆண்டுகளாகத் தோல்வியே அறியாதிருந்த உலகச் சாம்பியன் வீழ்ந்தார். அதே காலத்தில்தான் தார்த்தகோவர் போன்றோரின் எழுத்து வழியே ‘இந்திய’ என்ற அடைமொழி இத்தடுப்பாட்டங்களுக்குப் பரவலாக நிலைத்தது.

இதை வைத்து, கல்கத்தாவின் கொள்கையை வியன்னா அப்படியே எடுத்துக்கொண்டது என்று எழுதுவது மிகை. மகேஷ்சந்திரர் விட்டுச்சென்றவை ஆட்டங்கள். அவற்றின் பின்னுள்ள கருத்தைக் கோட்பாடாக வகுத்தவர்கள் ஐரோப்பியர்கள். ஆனாலும் நடைமுறை கோட்பாட்டுக்கு முந்தியது என்பதை மறைப்பது பெரிய அநீதி. இந்திய விதிகளில் பயின்று 1929, 1932, 1933 ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியனான பஞ்சாபின் மீர் சுல்தான் கானையும் இந்த வரிசையில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஜி7 மந்திரியின் முழு வலிமை வெளிப்பட்டது 1946இல், பிராக்–மாஸ்கோ போட்டியில். இத்தடுப்பாட்டங்களுள் ஒன்றான கிங்ஸ் இண்டியன் ஆடிய டேவிட் பிரான்ஸ்டீன், ஸிதா, பாக்மன் இருவருக்கும் எதிராக ஏ1இல் நின்ற வெள்ளை மந்திரிக்காக யானையைப் பலிகொடுத்தார். அந்த வெள்ளை மந்திரி விலகியதும் மூலைவிட்டம் முழுவதும் ஜி7 மந்திரியின் வசம்; டி4இல் வெள்ளையின் நடு சரிந்தது. அதுவரை சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட தடுப்பாட்டம் அதன்பின் வெற்றிக்காக ஆடப்படும் ஆயுதமானது. ஃபிஷரும் காஸ்பரோவும் அதைக் கையிலெடுத்தார்கள்.

2012 மாஸ்கோ உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்தில் கெல்ஃபாண்ட், விஸ்வநாதன் ஆனந்துக்கு எதிராகக் குரூன்ஃபெல்ட் ஆடினார். மூன்றாம் ஆட்டத்தில் ஆனந்த், மூன்றாம் நகர்விலேயே எஃப்3 ஆடி இ4 சிப்பாய்க்கு வழி செய்தார். கெல்ஃபாண்ட் அப்போதும் டி5 என்றே பதிலளித்தார். ஆட்டம் டிராவில் முடிந்தது.