கட்டம் போட்ட கணக்கு: அடங்கல் முதல் எக்ஸெல் வரை



நாம் ஒன்றுகூடினால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அவரவர் வேலையில் வந்துதான் நிற்கும். மில் ஆபீஸில் இருப்பவர், பாங்கில் இருப்பவர், தாலுகா ஆபீஸில் இருப்பவர், சொந்தமாக மல்லி, வத்தல் வியாபாரம் பார்ப்பவர், வெளிநாட்டுக் கம்பெனியில் இருப்பவர் என்று யாரை எடுத்தாலும் ஒன்று பொது. தினமும் எக்ஸெல் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். "அதுல ஏதாவது சுருக்குவழி இருந்தா சொல்லுங்கண்ணே" என்று இளைய மாணவர்கள் கேட்பதும் உண்டு. தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அந்தக் கட்டங்கள் வந்த வழி தெரிந்தால், எந்த விசையை எதற்காகத் தட்டுகிறோம் என்பதும் புரியும். அதனால் முதலில் கொஞ்சம் வரலாறு.

கட்டம் நமக்குப் புதுசா?

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். 320-ல் ஒரு பங்கு முந்திரி, 80-ல் ஒரு பங்கு காணி, 20-ல் ஒரு பங்கு மா. இவற்றின் பெருக்கல் வாய்பாடெல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கணக்குப் போடாமல், முன்பே போட்டு வைத்த விடையை எடுத்துக்கொள்வதுதானே சுருக்குவழி? 1957 ஏப்ரல் 1-ம் தேதி ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 நயா பைசா வந்தது. அதோடு பழைய பின்னக் கணக்கின் தேவையும் குறைந்துபோனது.

வாய்பாடு வாயில் இருந்தது என்றால், கட்டம் ஏட்டில் இருந்தது. கிராமக் கணக்கில் அடங்கல் என்று ஒரு பதிவேடு உண்டு. வரிசைக்கு ஒரு சர்வே நம்பர். பக்கவாட்டில் பரப்பு எவ்வளவு, யார் பேரில் இருக்கிறது, என்ன பயிர் என்று பத்தி பத்தியாகப் போகும். திருச்சுழிப் பக்கம் ஒருத்தர் கரிசல் காட்டில் இந்த வருஷம் குதிரைவாலி விதைத்தாரா, பருத்தி போட்டாரா, தரிசாக விட்டாரா என்பதை அந்த ஒரு வரிசை சொல்லிவிடும்.

மானாவாரிச் சீமையில் அந்த வரிசையை லேசாக நினைக்கக் கூடாது. மழை பொய்த்த வருஷத்தில் பயிர்க் காப்பீடு என்று போனால் அடங்கல் கேட்பார்கள். காட்டில் வெள்ளாமை இருந்தும் கட்டத்தில் ஏறவில்லை என்றால், ஆபீஸைப் பொறுத்தவரை அது விதைக்காத காடுதான்!

அந்தக் கணக்கு வெகுகாலம் பரம்பரைக் கர்ணங்கள் கையில் இருந்தது. 1980 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டு அந்தப் பதவிகளை ஒழித்தது. 1981-ல் அது சட்டமானது. வழக்குப் போனபோது, செல்லும் என்று 1982-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பின் வந்தவர்கள்தான் கிராம நிர்வாக அலுவலர்கள். இன்று அது குரூப் 4 தேர்வு எழுதிப் போகிற வேலை. ஒரு வீட்டுக்குள்ளேயே இருந்த கணக்குக் கல்வி ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது என்றே சொல்ல வேண்டும்.

கரும்பலகையில் வந்த யோசனை

அந்தச் சட்டத்துக்கு ரெண்டு வருஷம் முன்னால், 1978-ல், அமெரிக்காவில் இன்னொரு கதை ஆரம்பித்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்லின் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் கரும்பலகை நிறையக் கட்டம் போட்டுக் கணக்கு நடத்துவார். நடுவில் ஒரு எண் தப்பு என்று தெரிந்தால், அதைச் சார்ந்த எண்களை எல்லாம் அழித்து அழித்து மறுபடி எழுத வேண்டும். 'ஒரு எண்ணை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறும் கரும்பலகை ஒன்று இருந்தால்?' என்று அவருக்குத் தோன்றியது. விரிதாள் பிறந்தது அங்கேதான்.

நண்பர் பாப் ஃப்ராங்க்ஸ்டன் புரோகிராம் எழுதினார். எழுதுவதற்குப் பெரிய கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். இரவில் வாடகை குறைவு என்பதால் ராத்திரியில் கண் விழித்து எழுதினார். 'விசிகால்க்' என்று பெயர் வைத்து, 1979-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். விலை சுமார் 100 டாலர். மொத்தம் 63 பத்தி, 254 வரிசை. ஆப்பிள் 2-ல் இடது, வலது அம்புக்குறி ரெண்டே ரெண்டுதான். மேலே, கீழே போக என்ன செய்வது? இடைவெளி விசையை ஒரு தட்டுத் தட்டினால், அதே ரெண்டு அம்புக்குறிகளும் மேல், கீழாக வேலை செய்யும்படி வைத்தார்கள். கட்டளை கொடுக்க வேண்டுமென்றால் முதலில் சாய்கோடு. விரிதாளின் சுருக்குவழிகள் எல்லாம் இப்படி, இருப்பதை வைத்துச் சமாளித்ததில் பிறந்தவைதான்.

லோட்டஸ் காலம்

1983 ஜனவரியில் மிட்ச் கேப்பர் தொடங்கிய லோட்டஸ் கம்பெனி, ஐ.பி.எம். பி.சி.க்காக லோட்டஸ் 1-2-3 கொண்டுவந்தது. சாய்கோட்டை அப்படியே வைத்துக்கொண்டார்கள். கூடவே எஃப் 2 என்றால் திருத்தம், எஃப் 4 என்றால் முகவரியைப் பூட்டுவது, எஃப் 5 என்றால் நேரே குறிப்பிட்ட கட்டத்துக்குப் போவது, எஃப் 9 என்றால் மறுபடி கணக்கிடுவது.

90-களில் கம்ப்யூட்டர் சென்டர் படிக்கட்டு ஏறியவர்களுக்கு வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்ற மந்திரம் மறந்திருக்காது. மவுஸ் இல்லாத காலம். எல்லாம் விரல்தான்!

எக்ஸெல் 1985-ல் மெக்கிண்டாஷுக்கும் 1987-ல் விண்டோஸுக்கும் வந்தது. ஆனால் லோட்டஸில் பழகிய விரல்களை அவ்வளவு லேசாக மாற்ற முடியுமா? போர்லண்ட் என்ற போட்டிக் கம்பெனி தன் குவாட்ரோ புரோவில் லோட்டஸின் மெனுவையும் சேர்த்தே கொடுத்தது. 1990-ல் லோட்டஸ் கேஸ் போட்டது. கட்டளைகளின் அந்த வரிசை வெறும் இயக்கும் முறைதான், வீடியோ கேசட் பிளேயரின் பட்டன்களைப் போல, அதற்குக் காப்புரிமை கிடையாது என்று 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1996 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 4-க்கு 4 என்று பிரிந்ததால் அந்தத் தீர்ப்பே நிலைத்தது. ஜனங்கள் பழகிக்கொண்ட விரல் வித்தைக்கு ஒரு கம்பெனி மட்டும் பட்டா வாங்க முடியாது என்று ஆகிவிட்டது!

லோட்டஸ் 1-2-3-க்கு 2014-ல் ஐ.பி.எம். ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனால் இன்றைக்கும் விண்டோஸ் எக்ஸெல்லில் ஒரு கட்டத்தில் நின்று சாய்கோட்டைத் தட்டிப் பாருங்கள். மேலே மெனுவில் குட்டி குட்டி எழுத்துகள் முளைக்கும். 1979-ல் பழகிய விரலுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

கேட்ட சுருக்குவழிகள்

இனி இளையவர்கள் கேட்டதற்கு வருவோம். நூறு விசை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆறு போதும்.

1. எஃப் 4: மில் சம்பளப் பட்டியலில் 300 பேருக்கும் ஒரே பஞ்சப்படி விகிதம். அதை ஒரே ஒரு கட்டத்தில் போடுங்கள். சூத்திரத்தில் அந்தக் கட்டத்தைக் குறிக்கும்போது எஃப் 4 தட்டினால் டாலர் குறி விழுந்து பூட்டிக்கொள்ளும். கீழே இழுத்தாலும் நகராது. விகிதம் மாறினால் ஒரு கட்டத்தைத் திருத்தினால் போதும்.

2. கண்ட்ரோலும் டி-யும்: மேல் கட்டத்தில் உள்ள சூத்திரத்தை, தேர்ந்தெடுத்த கீழ்க் கட்டங்களுக்கெல்லாம் இறக்கும்.

3. ஆல்ட்டும் சமக்குறியும்: கூட்டல் தானாக வந்து நிற்கும். எங்கேயிருந்து எங்கே வரை கூட்டுகிறது என்று பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

4. கண்ட்ரோலும் டி-யும் மாதிரியே பழக வேண்டியது கண்ட்ரோலும் கீழ் அம்புக்குறியும்: பத்தியின் கடைசிக்கு ஒரே தாவு. நடுவில் நின்றுவிட்டால் அங்கே ஒரு கட்டம் காலி என்று அர்த்தம்.

5. கண்ட்ரோலும் அரைப்புள்ளியும்: இன்றைய தேதி விழும்.

6. கண்ட்ரோலும், எண் 1-க்கு இடப்பக்கத்து விசையும்: விடைகள் மறைந்து சூத்திரங்கள் தெரியும். யாரோ சூத்திரத்துக்குப் பதில் எண்ணைக் கையால் அடித்து வைத்திருந்தால் இங்கே பிடிபடும்.

முதல் மூன்றும் வேலையை வேகமாக்கும். நாலாவதும் ஆறாவதும் தப்பைக் காட்டிக்கொடுக்கும். நம் பிள்ளைகள் முதல் மூன்றைச் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள். மற்றதைத் தொடுவதே இல்லை!

வேகமாகப் போட்ட தப்பு

இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். 2020 கொரோனா காலத்தில் இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்ஸெல் கோப்பில் ஏற்றினார்கள். அந்த வகையில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான் கொள்ளும். அதற்கு மேல் வந்தது உள்ளே ஏறவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேருக்குத் தொற்று உறுதியானது அன்றாடக் கணக்கில் விடுபட்டுப்போனது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. 2007 எக்ஸெல்லிலிருந்தே 10,48,576 வரிசை கொள்ளும் புதிய வகை இருந்தது. பழைய வகையில் போட்டார்கள், வந்த வரிசையையும் ஏறிய வரிசையையும் ஒத்துப் பார்க்கவில்லை.

பழைய கணக்குப்பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள். நெடுக்கக் கூட்டுவார்கள், குறுக்கவும் கூட்டுவார்கள். மூலையில் ரெண்டும் ஒரே தொகையாக வந்தால்தான் பேனாவைக் கீழே வைப்பார்கள். கிராமக் கணக்கைக்கூட வருஷத்துக்கு ஒருமுறை ஜமாபந்தியில் வைத்துத் தணிக்கை செய்கிறார்கள். நாம் மட்டும் கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடலாமா?

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் சிலர் நாளை கிராம நிர்வாக அலுவலராக வருவீர்கள். சிலர் மில்லில் சம்பளம் போடுவீர்கள், சிலர் பாங்கில் பயிர்க்கடன் பார்ப்பீர்கள். உங்கள் திரையில் ஒரு வரிசை என்பது அருப்புக்கோட்டையில் ஒரு நெசவாளி வீடாகவோ, திருச்சுழிப் பக்கம் ஒரு சம்சாரியின் காடாகவோ இருக்கும். ஒவ்வொரு தாளின் அடியிலும் இந்த மூன்றைப் பாருங்கள்: வந்த வரிசை எத்தனை, ஏறிய வரிசை எத்தனை, நெடுக்கும் குறுக்கும் ஒத்து வருகிறதா. ரெண்டு நிமிஷ வேலை. எஃப் 4-ல் மிச்சம் பிடித்த நேரத்தில் இதைச் செய்துவிடலாம்.

கணக்கு நேராகட்டும், வாழ்வும் நேராகட்டும். அடுத்த கூட்டத்தில் சந்திப்போம்.