இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் தாயகம்

பிழைப்பைத் தேடிப் பிறந்த ஊரை விட்டு வந்த நம் போன்றோர் உள்ளத்தில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. உத்தியோகம் முடிந்து, பிள்ளைகள் நிலைபெற்ற பின் ஊருக்குத் திரும்பினால், அங்கே நமக்கு என்ன இடம் இருக்கும்? விருந்தினராய் நான்கு நாள் தங்கி வருவது எளிது. அவ்வூரின் நல்லது கெட்டதில் வாய் திறந்து பேசும் உரிமை நமக்கு உண்டா என்பதே கேள்வி. இதற்கு விடை தேடிச் சரித்திர ஏடுகளைப் புரட்டியபோது, கடல்கள் பல கடந்து, கரிபியன் தீவு ஒன்றில் வாழ்ந்த ஒருவரின் வரலாறு நம் கருத்தைக் கவர்ந்தது. அவர்தாம் ஸி. எல். ஆர். ஜேம்ஸ்.

டிரினிடாட் தீவு தென்னமெரிக்காவின் வெனிசுலா நாட்டை ஒட்டிக் கிடக்கிறது. கரும்பும் கொக்கோவும் எண்ணெய்க் கிணறுகளும் அக்காலத்தில் அதன் செல்வமாக இருந்தன. அத்தீவு நமக்கு முற்றிலும் அந்நியமன்று. அடிமை முறை ஒழிந்த பின், கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய 1845 முதல் 1917 வரை ஏறக்குறைய 1,44,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். சென்னையிலிருந்து சென்றவர்களும் உண்டு.

ஜேம்ஸ் 1901-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் பிறந்தார். நீக்ரோ அடிமைகளின் வழித்தோன்றல். பள்ளி ஆசிரியரின் மகன். டூனபூனா என்னும் சிற்றூரில் அவர்கள் வீட்டு ஜன்னலருகே நாற்காலி போட்டு ஏறி நின்றால் கிரிக்கெட் மைதானம் முழுவதும் தெரியும். தலைநகரான போர்ட் ஆப் ஸ்பெயினிலிருந்து அரிமா வரை 1876-இல் போடப்பட்ட ரயில் பாதையில் இருந்தது அவ்வூர். உபகாரச் சம்பளம் பெற்றுக் குவீன்ஸ் ராயல் கல்லூரியில் படித்த ஜேம்ஸ், பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். அவரிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவர் எரிக் வில்லியம்ஸ். இப்பெயரை வாசகர்கள் நினைவில் கொள்க.

அக்காலத்தில் அத்தீவின் கிரிக்கெட் சங்கங்கள் தோலின் நிறத்தால் பிரிந்து கிடந்தன. வெள்ளையர்க்கு ஒன்று, மாநிற நடுத்தர வகுப்பார்க்கு 'மேப்பிள்', கறுப்பர்க்கு 'ஷானன்'. நல்ல கறுப்பு நிறத்தவரான ஜேம்ஸ், படிப்பின் பெருமையால் மேப்பிளில் இடம் பெற்றுச் சேர்ந்தார். அதனால் தம் மக்களிடமிருந்து விலகி, அரசியல் அறிவில் பல ஆண்டுகள் பின்தங்கினார் என்று அவரே பிற்காலத்தில் எழுதி வைத்தார்.

1932-இல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். ஷானன் சங்கத்து வீரரான லியரி கான்ஸ்டன்டைன், லங்காஷயரில் நெல்சன் என்னும் ஊரில் ஆடி வந்தார். அவர் வீட்டிலேயே ஜேம்ஸுக்கு அடைக்கலம் கிடைத்தது. 'மாஞ்செஸ்டர் கார்டியன்' பத்திரிகைக்குக் கிரிக்கெட் வர்ணனை எழுதினார். ஹெயிட்டித் தீவின் அடிமைகள் பிரெஞ்சு ஆட்சியை வீழ்த்திய வரலாற்றை 'பிளாக் ஜாகோபின்ஸ்' என்னும் நூலாக 1938-இல் வெளியிட்டார். அவ்வாண்டே அமெரிக்கா சென்று பதினைந்து ஆண்டுகள் தொழிலாளர் இயக்கங்களில் உழைத்தார். அங்கிருந்தும் வெளியேற நேர்ந்து, 1953-இல் மீண்டும் இங்கிலாந்து சேர்ந்தார்.

இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1958 ஏப்ரலில் அவர் தாயகம் திரும்பினார். தருணம் மகத்தானது. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பத்துப் பிரதேசங்கள் இணைந்து மேற்கிந்தியத் தீவுகளின் கூட்டாட்சியாக உருவெடுத்து, போர்ட் ஆப் ஸ்பெயினில் அதன் பார்லிமெண்ட் திறக்கப்பட்ட மாதம் அது. டிரினிடாட்டின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் பழைய மாணவர் எரிக் வில்லியம்ஸ். ஆசிரியரை வரவேற்று, தம் கட்சியின் 'நேஷன்' பத்திரிகைக்கு ஆசிரியராக அமர்த்தினார். சில நாள் தங்கிப் போக வந்தவர் நான்கு ஆண்டுகள் தங்கினார்.

அப்பத்திரிகையில் ஜேம்ஸ் எடுத்த வழக்குகளுள் தலையாயது கிரிக்கெட் காப்டன் பதவி பற்றியது. மேற்கிந்திய அணி 1928 முதல் டெஸ்ட் பந்தயங்கள் ஆடி வந்தது. ரன் குவித்தவர்களும் விக்கெட் வீழ்த்தியவர்களும் பெரும்பாலும் கறுப்பர்கள். ஆயினும் ஒரு தொடர் முழுவதற்கும் கறுப்பர் ஒருவர் காப்டனாக நியமிக்கப்பட்டதில்லை. 1948-இல் ஜார்ஜ் ஹெட்லி ஒரே ஒரு டெஸ்டுக்குத் தலைமை வகித்தார், அவ்வளவே. பார்படோஸில் பிறந்த பிராங்க் வொர்ரல் தகுதியில் எவர்க்கும் குறைந்தவரல்லர். 1950-51-இல் இந்தியாவுக்கு வந்த காமன்வெல்த் அணிக்கு, ஏம்ஸ் ஆடாத பந்தயங்களில் அவரே தலைமை தாங்கினார். இந்தியாவில் காப்டனாக இருக்கத் தகுந்தவர் தம் நாட்டில் காப்டனாக இருக்கத் தகாதவரா?

1960 ஜனவரி 30-ஆம் நாள் இங்கிலாந்துடன் போர்ட் ஆப் ஸ்பெயினில் நடந்த டெஸ்டில், இந்திய வம்சாவளியினரான சரண் சிங் ரன் அவுட் ஆனதும் கூட்டம் மைதானத்திற்குள் பாட்டில்களை வீசிற்று. அன்றைய ஆட்டம் நின்றது. பலர் அதைக் காலித்தனம் என்று சொல்லி முடித்தனர். காப்டன் பதவியில் இழைக்கப்படும் அநீதியால் மக்கள் உள்ளத்தில் நெடுநாள் புகைந்து வந்த கோபமே அது என்று ஜேம்ஸ் எழுதினார். அலெக்சாண்டர் விலகி வொர்ரல் காப்டன் ஆக வேண்டும் என்று இடைவிடாது வாதாடினார்.

அவ்வாண்டே ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு வொர்ரல் காப்டனாக நியமிக்கப்பட்டார். டிசம்பரில் பிரிஸ்பேனில் நடந்த முதல் டெஸ்ட், சரித்திரத்திலேயே முதன்முறையாக இரு அணிகளின் ரன்னும் சமமாகி 'டை' ஆயிற்று. தொடரை 2-1 என ஆஸ்திரேலியா வென்றபோதிலும், மெல்போர்ன் நகர மக்கள் தெருக்களில் பெருந்திரளாகக் கூடி வொர்ரலின் அணிக்கு விடை கொடுத்தனர். 1962-இல் பார்படோஸில் நம் காப்டன் கான்ட்ராக்டர் தலையில் பந்து பட்டு உயிருக்குப் போராடியபோது, ரத்தம் கொடுத்தவர்களுள் இதே வொர்ரலும் ஒருவர். வங்காளக் கிரிக்கெட் சங்கம் பிப்ரவரி 3-ஆம் நாளை அவர் பெயரால் ரத்த தான நாளாகக் கல்கத்தாவில் நடத்தி வருகிறது.

அரசியலில் ஜேம்ஸுக்கு அத்தகைய வெற்றி கிட்டவில்லை. கூட்டாட்சி நிலைக்க வேண்டும் என்று அவர் பாடுபட்டார். 1961 செப்டம்பரில் ஜமைக்கா மக்கள் விலகுவதென்று வாக்களித்தனர். 1962 மே 31-இல் கூட்டாட்சி கலைந்தது. வில்லியம்ஸுடன் ஏற்பட்ட பிணக்கால் 1960-இலேயே பத்திரிகையை விட்டு விலகியிருந்தார். 1962 ஆகஸ்ட் 31-இல் டிரினிடாட் சுதந்திரம் பெற்றது. அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே ஜேம்ஸ் தீவை விட்டுப் புறப்பட்டுவிட்டார். சுதந்திரம் வேண்டுமென்று 1933-லேயே நூல் எழுதியவர், அந்நாளைக் காண அங்கே இல்லை!

1965-இல் கிரிக்கெட் நிருபராக மறுபடி வந்தபோது, கரும்புத் தொழிலாளர் கிளர்ச்சியையொட்டி நெருக்கடி நிலை அமலில் இருந்தது. மாணவரின் அரசாங்கம் ஆசிரியரை வீட்டுக் காவலில் வைத்தது. விடுதலையான பின் இந்திய வம்சாவளித் தலைவரான ஸ்டீபன் மகராஜுடன் சேர்ந்து தொழிலாளர் விவசாயிகள் கட்சியைத் தொடங்கினார். 1966 தேர்தலில் அக்கட்சி படுதோல்வி அடைந்தது.

ஒன்றில் வென்றவர் மற்றொன்றில் தோற்றது ஏன்? நமக்குத் தோன்றுவது இது. காப்டன் பதவி பற்றிய குறையை அவர் வெளிநாட்டிலிருந்து கொண்டு வரவில்லை. மேப்பிள், ஷானன் காலத்திலேயே கண்ணால் கண்டது. தெருவில் போகும் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெற்ற அறிவும் துணிவும் அதை உரக்கச் சொல்லத் துணை நின்றன. அரசியலிலோ, அவர் இல்லாத காலத்தில் ஊரிலேயே இருந்து 1956-இல் கட்சி கட்டி, அவ்வாண்டே தேர்தலில் வென்றவர்கள் வேறு. அவர்கள் வகுத்த வழியை, பின்னர் வந்தவர் மாற்ற இயலவில்லை.

ஜேம்ஸ் 1989 மே மாதத்தில் லண்டனில் காலமானார். உடல் டூனபூனாவிலேயே அடக்கம் செய்யப்பட்டது. 1958-இல் அவர் வந்தபோது அவ்வழியே ஓடிய ரயில், 1968-லேயே நின்றுபோயிருந்தது. ஊர் நமக்காகக் காத்திருப்பதில்லை என்பதை ரயில்வேக்காரர்களாகிய நமக்கு வேறெவரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே அன்பர்களே, ஊருக்குத் திரும்பும் எண்ணமுடையோர் பழைய நாற்காலி காலியாக இருக்கும் என்று நம்பிச் செல்ல வேண்டாம். நாம் சிறுவயதில் கண்டு மனம் வருந்திய குறைகளுள் ஒன்றேனும் இன்னும் அங்கே தீராமல் இருக்கும். குளத்துக்குப் போகும் பாதையாகவோ, பள்ளிக்கூடத்தின் கூரையாகவோ, கோயில் வாசலில் இன்னாருக்கு இடமில்லை என்னும் வழக்கமாகவோ இருக்கலாம். அதில் ஒன்றை ஊராரோடு நின்று தீர்க்க முயலலாம். அதற்கு ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. அடுத்த கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம்.