லயக் குடியிருப்புகள் (ஊவா மாகாணம்)

இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்காகத் தோட்ட நிர்வாகங்கள் கட்டிய வரிசை வீடுகளே லயங்கள். பதுளை மாவட்டத்தின் அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை, லுணுகலை வட்டாரங்களில் இவை மிகுதி. வெலிமடையில் உமா ஓயாப் பள்ளத்தாக்கு நெல்லுக்கும் உருளைக்கிழங்குக்கும் போய்விட்டது; லயங்களைக் காண மலைச்சரிவுத் தோட்டங்களுக்குத்தான் ஏற வேண்டும். நகரத்துக்குரிய நெருக்கடி லயங்களில் உண்டு, நகரத்துக்குரிய வசதி இல்லை.

தோற்றம்

தேயிலைக்கு முந்தைய கோப்பிக் காலத்தில் தொழிலாளர் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து போனவர்கள். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களில் கங்காணி ஆள் சேர்ப்பார். மன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலையேறுவார்கள். அவர்களுக்குக் கம்பும் மண்ணும் புல்லும் கொண்ட குடிசைகளே போதுமென்று தோட்டத் துரைமார் கருதினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது. கோப்பியைப் போலன்றித் தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும்; எனவே குடும்பம் குடும்பமாக ஆள் தங்கியாக வேண்டும். நிரந்தர லயங்கள் எழுந்தது இந்தத் தேவையினால்தான். தொழிலாளர் நலன் அதில் ஒரு காரணமே அல்ல. 1912இல் இயற்றப்பட்ட மருத்துவச் சட்டங்கள் தோட்டங்களின் சுகாதாரத்தை அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தன.

அமைப்பும் வகைகளும்

ஒரே பக்கம் வாசல் பார்த்த அறைகள் கொண்டது ஒற்றை லயம். நடுச்சுவரின் இருபுறமும் முதுகோடு முதுகாக அறைகள் அமைந்தது இரட்டை லயம். பின் சன்னலுக்கு இடமில்லாததால் இதில் காற்றோட்டம் குறைவு, செலவும் குறைவு. ஒரு லயத்தில் 6 முதல் 24 காம்பராக்கள் (அறைகள்) வரை இருக்கும். காம்பரா ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. முன்னே இஸ்தோப்பு (தாழ்வாரம்); மழை நாளில் விறகு, மண்வெட்டி, கொழுந்துக் கூடை எல்லாம் அங்கேதான். உள்ளே அடுப்பு, புகையேறிக் கறுத்த சுவர், தகரக் கூரை. தண்ணீர் பொதுப் பீலியில் (குழாயில்).

இருப்பிடம் கொண்டு மேட்டு லயம், பணிய லயம் என்றும் பெயர் வழங்கும். காம்பராக்கள் கங்காணியின் ஆள்கட்டுப்படியும் சாதிப்படியும் ஒதுக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலே, குன்றின் உச்சியில் துரை பங்களா. அங்கிருந்து பார்த்தால் யார் பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகவில்லை என்பது தெரியும்.

சட்டநிலை

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் லயவாசிகளில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க முடிவாயிற்று. சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. இன்று குன்னூரிலும் கோத்தகிரியிலும் வாழும் தாயகம் திரும்பியோர் பலர் இந்த ஒப்பந்தத்தினால் கப்பலேறியவர்கள். மிஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003இல் தீர்ந்தது. ஆனால் காம்பரா தோட்டத்துக்கே சொந்தம். வேலையை விட்டால் வீடும் போகும் என்ற அச்சம் தலைமுறைகளாகத் தொடர்ந்தது. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் வேலை செய்வதற்கிருந்த சட்டத் தடை 2018இல்தான் நீக்கப்பட்டது.

பிற்காலம்

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தும் மாற்று வீடுகள் கட்டப்படவில்லை. மண்சரிவுக்குப் பிறகே தனி வீட்டுத் திட்டங்கள் வேகம் பெற்றன. இந்திய உதவியுடன் வீடுகள் கட்டப்படுகின்றன. எனினும் தோட்டக் குடும்பங்களில் பெரும் பகுதியினர் இன்னும் லயங்களிலேயே வசிக்கின்றனர்.