மெதுவான பந்து

முப்பத்து மூன்று வயதில் டென்னிஸ் வகுப்பில் சேர்ந்தேன். சென்னையில், ஆபீஸ் முடிந்ததும், மாலை பேட்ச். முதல் நாள் கோச் என் கையில் கொடுத்தது பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமான ஒரு மெத்தென்ற பந்து. பக்கத்து கோர்ட்டில் ஏழு வயதுப் பிள்ளைகளிடமும் அதே பந்துதான்.

“சார், இது சின்னப் பசங்க பந்தாச்சே?”

“டென்னிஸ்ல நீங்க இன்னைக்குத்தானே சார் பொறந்திருக்கீங்க.”

சிரித்துவிட்டேன். ஆனால் உள்ளே எங்கோ சுருக்கென்றது. பன்னிரண்டு வயதில் புதுக்கோட்டையில் ஒரு கம்பி வேலிக்கு வெளியே நின்று பெரியவர்கள் டென்னிஸ் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். பந்து வெளியே வந்து விழுந்தால் எடுத்துப் போடுவோம். “தேங்க்ஸ் தம்பி” என்பார்கள். உள்ளே வா என்று யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

சரி, இந்த ஆட்டத்தை நம் ஊரில் யார்தான் கற்றுக்கொண்டார்கள்?

விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டத்தை இந்தியர்கள் மூன்று முறை வென்றிருக்கிறார்கள். 1954இல் ராமநாதன் கிருஷ்ணன், 1979இல் அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன், 1990இல் லியாண்டர் பயஸ். மூன்றுக்கும் சென்னைத் தொடர்பு உண்டு. கிருஷ்ணனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அப்பா டி.கே. ராமநாதன், அவரே நல்ல ஆட்டக்காரர். கிருஷ்ணனிடம் இடி மாதிரி சர்வீஸ் கிடையாது. பந்தை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைக்கும் கை இருந்தது. அந்தக் கையோடுதான் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்தினார்.

அப்படிப்பட்ட கை ஒரே நாளில் வருவதில்லை. சின்ன வயதிலேயே பக்கத்தில் ஒரு கோர்ட் வேண்டும். அலுக்காமல் பந்து போட ஒரு ஆள் வேண்டும். கிருஷ்ணனுக்கும் ரமேஷுக்கும் அது வீட்டிலேயே அமைந்தது. அவர்களுடைய திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வாய்ப்பு எத்தனை வீட்டில் இருந்தது என்றுதான் கேட்கிறேன்.

வீட்டுக்கு வெளியே முதலில் ஒரு கதவைத் திறந்தது 1985இல் சென்னையில் தொடங்கிய பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ் திட்டம். அமிர்தராஜ் குடும்பம் நடத்திய அந்தப் பயிற்சிக்குக் கல்கத்தாவிலிருந்து வந்த பையன்தான் லியாண்டர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். ஆனாலும் அது தேர்ந்தெடுத்த சில பையன்களுக்கான கதவு. வேலிக்கு வெளியே நின்ற எங்களுக்கானது அல்ல.

இன்னொரு தடை யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அது பந்து. 1874இல் இங்கிலாந்தில் மேஜர் விங்ஃபீல்ட் காப்புரிமை வாங்கி, பெட்டியில் போட்டு விற்ற இந்த ஆட்டம், புல்தரையில் பெரியவர்கள் பொழுதுபோக்க உருவானது. இன்றைய வழக்கமான பந்தை 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும் என்பது விதி. ஏழு வயதுப் பிள்ளையின் உயரமே சுமார் 120தான். தலைக்கு மேல் போகும் பந்தைக் கொடுத்துவிட்டு, ‘இவனுக்கு வரல’ என்று பல காலம் சொல்லிவந்திருக்கிறோம். எங்கள் தொழிலில் இதை யூசர் தப்பு என்று சொல்ல மாட்டோம். டிசைன் தப்பு என்போம்.

2007இல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு ‘பிளே அண்ட் ஸ்டே’ என்று ஓர் இயக்கம் தொடங்கியது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மூன்று படி மெதுவான பந்துகள். புதிதாக வரும் பெரியவர்களுக்கும் இவைதான். சிவப்புப் பந்து அதே உயரத்திலிருந்து விழுந்தால் 90 முதல் 105 சென்டிமீட்டர்தான் எழும்பும். அதற்குப் பதினோரு மீட்டர் நீளக் கோர்ட் போதும். 2012 முதல், பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தே கூடாது என்று விதி வந்தது.

இதைப் படித்தபோது பள்ளிக்கூட மைதானம்தான் ஞாபகத்துக்கு வந்தது. எங்களுக்கு அங்கே பூப்பந்து இருந்தது. கம்பளி நூல் சுற்றிய மஞ்சள் பந்து, ஐந்து பேர் அணி. பக்கத்துத் தஞ்சாவூரில் அரச குடும்பத்தார் ஆடி வளர்ந்த ஆட்டம் என்பார்கள். அதன் கோர்ட் நீளம் 24 மீட்டர், டென்னிஸ் கோர்ட் 23.77. கிட்டத்தட்ட அதே தூரத்தை மென்மையான பந்தால்தான் நாங்கள் கடந்துகொண்டிருந்தோம். பந்து தரையில் படக் கூடாது என்பதால் கண்ணும் காலும் பழகியிருந்தன. கோச் ஒருநாள் “நெட்கிட்ட நல்லா ஆடுறீங்களே, முன்னாடி ஏதாவது விளையாடுவீங்களா?” என்று கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. நான் அன்றைக்குப் பிறந்தவன் இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இரண்டு சிவப்புப் பந்து வாங்கிப் போனேன். வீட்டுக்கு முன்னால் தெருவில் கொடிக்கயிற்றைக் குறுக்கே கட்டி, அக்கா மகளுக்குப் பந்து போட்டேன். “மாமா, மெதுவாப் போடு” என்றாள். போட்டேன். பதினோராவது அடியில் பந்து காம்பவுண்டு தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் விழுந்தது. ஒரு பையன் எடுத்து வந்து கொடுத்தான். கொடுத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றான்.

“நீயும் ஆடுறியா தம்பி?” என்று ராக்கெட்டை நீட்டினேன்.