மணத்தின் வலிமையும் மூளையின் கணக்கும்

1. சிக்கல்

மல்லிகையில் உள்ள இண்டோல் என்ற சேர்மம் மிகச் சிறிதளவில் பூமணத்துக்குத் துணைநிற்கிறது. அளவு கூடினால் மலநாற்றமாக வீசுகிறது. மூலக்கூறுகள் பெருகும்போது கூடுதல் வகை ஏற்பிகள் தூண்டப்படுவதே இதற்கு முக்கியக் காரணம். மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை முகர்ச்சி ஏற்பிகள் உள்ளன. அப்படியிருந்தும் பெரும்பாலான மணங்கள் மென்மையாக வந்தாலும் காட்டமாக வந்தாலும் அதே மணமாகவே தெரிகின்றன. இன்ன மணம் என்பதையும் அதன் வலிமையையும் மூளை எப்படிப் பிரித்தறிகிறது?

2. புறணியில் நடப்பது

கெவின் போல்டிங், கெவின் ஃபிராங்க்ஸ் இருவரும் எலிகளில் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. மூக்கின் சைகைகளை வாங்கும் முகர்குமிழ் என்ற மூளைப்பகுதியிலிருந்து முதலில் வரும் துடிப்புகள், மணத்தை அறியும் பைரிஃபார்ம் புறணியை எழுப்புகின்றன. எழுந்த புறணியே உள்தடுப்பு நரம்பணுக்களைக் கொண்டு பின்னால் வருபவற்றை அடக்கிவிடுகிறது. அதனால் மணம் வலுத்தாலும் துடிக்கும் நரம்பணுக்கள் பெரிதும் மாறுவதில்லை. எந்த நரம்பணுக்கள் துடிக்கின்றன என்பது மணத்தின் அடையாளம். எவ்வளவு ஒருங்கே துடிக்கின்றன என்பது அதன் வலிமை.

3. அமிக்டலா பற்றிய விவாதம்

ஆடம் ஆண்டர்சன் குழுவினர் 2003இல் எலுமிச்சை மணமுள்ள சிட்ராலையும் துர்நாற்றமுள்ள வலேரிக் அமிலத்தையும் மனிதர்களுக்கு முகரக் கொடுத்து மூளையைப் படம்பிடித்தனர். உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப்பகுதி மணத்தின் வலிமைக்கு ஏற்பத் துலங்கியது. விருப்பு வெறுப்பைக் கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் புறணி காட்டியது. வலிமைக்கு ஓரிடம், இன்பதுன்பத்துக்கு ஓரிடம் என்ற இந்தப் பங்கீடு பாடநூல்களுக்கு வசதியானது. ஆனால் ஜோயல் வின்ஸ்டன் குழுவினர் 2005இல் விருப்பும் வெறுப்பும் ஊட்டாத மணத்தையும் சேர்த்துச் சோதித்தபோது, அதன் வலிமை கூடியும் அமிக்டலா அசையவில்லை. ஆகவே அமிக்டலாவை வெறும் அளவுகோல் என்பது பிழை. நமக்கு ஏதோ ஒருவகையில் பொருட்டான மணத்தின் வலிமையையே அது கணக்கில் எடுக்கிறது என்பதே என் துணிபு.

4. மூச்சும் பழக்கமும்

பலமாக உறிஞ்சினால் கூடுதல் மூலக்கூறுகள் உள்ளே போகும். ஆயினும் மணம் அந்த அளவுக்கு வலுத்துத் தெரிவதில்லை என்று டெக்ட்சூனியன் குழுவினர் 1978இல் காட்டினர். உறிஞ்சிய வேகத்தையும் மூளை கழித்துக்கொள்கிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். அதேபோல, மாறாமல் நீடிக்கும் மணத்துக்குச் சில நிமிடங்களில் மூக்கும் மூளையும் பழகிப்போகின்றன. சமையல் எரிவாயுவில் கசிவை உணர்த்தச் சேர்க்கும் எத்தில் மெர்காப்டானுக்கும் இதே கதிதான். எனவே கேஸ் வாடை குறைந்ததென்று கசிவு நின்றுவிட்டதாக எண்ண வேண்டாம். மின்விளக்கு சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.